செல்ஃப் அப்ரைசல் எழுதுவது எப்படி: படிக்கிற இடத்திலிருந்து சில விவரங்கள்

வருடா வருடம் நம் வேலையை நாமே மதிப்பிட்டு எழுதும் செல்ஃப் அப்ரைசல் படிவத்தை நிரப்பி அனுப்பிய பிறகு அது எங்கே போகிறது, யார் கையில் என்ன ஆகிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. அது தெரிந்தால் எழுதுகிற விதமே மாறிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவச் செலவு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்த்து முடிவு சொல்லும் வேலை. வருடா வருடம் என் குழுவினர் எழுதும் படிவங்களை முழுக்கப் படிக்கிறேன். அப்புறம் அவற்றை எடுத்துக்கொண்டு கேலிபரேஷன் கூட்டத்துக்குப் போகிறேன். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் நார்மலைசேஷன் என்பார்கள், சிலர் ரேட்டிங் கமிட்டி என்பார்கள். நடப்பது ஒன்றுதான்.

பல பிரிவுகளின் மேனேஜர்கள், எங்களுக்கு மேலே இருப்பவர், ஹெச்.ஆரிலிருந்து ஒருவர். திரையில் ஒரு எக்செல் தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அவர் தனக்குப் போட்டுக்கொண்ட எண், மேனேஜர் போட்ட எண். ஒரு பெயருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கிடைக்காது. மிக நன்றாகச் செய்தவர்களைப் பற்றிப் பேச்சே எழாது. திணறியவர்கள் யார் என்பதும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எண் 5 வரை போகும்; விவாதமெல்லாம் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்பவர்களைப் பற்றித்தான். "இவருக்கு ஏன் 4?" என்று எதிரில் இருப்பவர் கேட்பார். அவர் உங்களோடு ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அப்போது என் கையில் இருப்பது உங்கள் படிவம் மட்டுமே. அதில் நான் அப்படியே வாய்விட்டுப் படிக்கக்கூடிய இரண்டு வரி இருந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம். 'கொடுத்த பணிகளை அர்ப்பணிப்புடன் செய்து முடித்தேன்' என்று இருந்தால், என் ஞாபகத்தை நம்பித்தான் நான் வாதாட வேண்டும்.

ஆகவே இந்தப் படிவத்தை உங்கள் மேனேஜருக்கு எழுதும் கடிதமாக நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாத ஓர் அறையில், உங்களுக்காகப் பேசப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பும் ஆதாரம் அது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

"என் வேலை அவருக்குத் தெரியாதா என்ன?"

இதுதான் நான் அதிகம் கேட்கிற கேள்வி. நல்ல மேனேஜருக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. தெரிந்ததும் நேராகத் தெரியாது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே இதைக் கவனித்து எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தபோது, உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எல்லாமே சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஒருவரைப் பற்றி ஒட்டுமொத்தமாக ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அதன் சாயம் ஒட்டிக்கொள்கிறது. 2000-ல் ஸ்கல்லன், மவுண்ட், காஃப் என்ற மூவர் 4,492 மேலாளர்களுக்குக் கிடைத்த ரேட்டிங்குகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மேலதிகாரிகள், இரண்டு சக ஊழியர்கள், அவருக்குக் கீழே இருக்கும் இரண்டு பேர் என்று பலர் மதிப்பெண் போட்டிருந்தார்கள். மதிப்பெண்கள் ஏன் வேறுபட்டன என்று பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட வேறுபாடு மதிப்பெண் போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. சிலர் கை தாராளம், சிலர் கை இறுக்கம், சிலருக்கு நேரம் தவறாமைதான் எல்லாம்.

இதோடு ஞாபக மறதியும் சேர்கிறது. அப்ரைசலுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் நடந்ததுதான் பளிச்சென்று நினைவில் இருக்கும். வருடத் தொடக்கத்தில் நீங்கள் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்த சிக்கல் அவர் மனதில் எப்போதோ மங்கியிருக்கும். அதற்கு அலட்சியம் காரணமல்ல. அவரும் மனிதர், பத்துப் பதினைந்து பேரைப் பார்த்துக்கொள்கிறவர்.

இன்னொரு பக்கம், "ரேட்டிங் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எழுதி என்ன ஆகப் போகிறது?" என்பவர்கள். இவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்க்ரிமென்ட் பட்ஜெட் முதலிலேயே வந்துவிடும். பல இடங்களில் இத்தனை சதவீதம் பேர்தான் மேலே இருக்கலாம் என்ற பெல் கர்வ் கணக்கும் உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமையில் இருந்த முறையில், மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று ஆட்களைப் பிரித்தார்கள். அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் அதே வழியில் போயின. வருடாந்திர மதிப்பீடே நிர்வாகத்தைப் பீடிக்கும் நோய்களில் ஒன்று என்று தர நிர்வாக வல்லுநர் எட்வர்ட்ஸ் டெமிங் கடுமையாக எதிர்த்தார். ஒருவரின் வேலையில் பெரும்பகுதி அவர் வேலை செய்கிற அமைப்பைப் பொறுத்தது என்பது அவர் வாதம். அடோபி 2012-ல் வருடாந்திர ரேட்டிங்கைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013-ல் பெல் கர்வை எடுத்துவிட்டது.

டெமிங் சொன்னது எனக்கும் சரியென்றே படுகிறது. கட்டாய விகிதம் ஒரு நல்ல குழுவை எப்படிக் கசப்பாக்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் நிறுவனத்தில் அது இருக்கும்வரை, எல்லைக்கோட்டில் நிற்பவர்களின் பெயர் அந்த அறையில்தான் முடிவாகிறது. நம்மில் பெரும்பாலோர் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். எழுதாமல் விட்டால் நஷ்டம் யாருக்கு என்று யோசியுங்கள்.

வருடம் முழுக்க ஒரு குறிப்பு

எழுதுவதில் பாதி வேலை எழுத உட்காரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு கோப்பில் நாலு வரி போட்டு வையுங்கள். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், யாருக்குப் பயன்பட்டது, அதற்கான மெயிலோ டிக்கெட்டோ எங்கே இருக்கிறது. அவ்வளவுதான். அழகாக எழுத வேண்டியதில்லை. நல்லதை மட்டும் எழுதவும் வேண்டாம். ஒன்று சொதப்பியிருந்தால் அதையும் அது எப்படிச் சரியானது என்பதையும் போடுங்கள். பின்னால் அதுவும் உதவும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் குறிப்பை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். அலுவலகக் கணினியிலேயே, நிறுவனம் அனுமதிக்கிற இடத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் பெயர், பாலிசி எண், நோய் விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. பாராட்டு மெயிலை வெளியே ஃபார்வர்டு செய்வது கூட சில நிறுவனங்களில் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும்.

குறிப்பே எடுக்கவில்லை, நாளை மறுநாள் கடைசித் தேதி என்றால்? முதலில் காலண்டரைத் திறந்து வருடத்தின் முதல் வாரத்திலிருந்து மெதுவாக நகருங்கள். கூட்டங்களின் தலைப்பைப் பார்த்தாலே பாதி நினைவுக்கு வரும். அடுத்தது, வந்த மெயில்களை விட்டுவிட்டு அனுப்பிய மெயில்களைப் பாருங்கள். நீங்கள் செய்தது அங்கேதான் இருக்கிறது. அப்புறம் அலுவலகச் சாட்டில் 'நன்றி' என்று தேடிப் பாருங்கள். 'சரியாகிவிட்டது', 'முடிந்தது', 'அவசரம்' என்றும் தேடுங்கள். மற்றவர்கள் எப்போதெல்லாம் உங்களிடம் ஓடி வந்தார்கள் என்று தெரியும். என் குழுவில் ஒருவர் இப்படித் தேடியபோதுதான், பக்கத்துப் பிரிவுக்காரர்கள் சிக்கலான ஆபரேஷன் பில்களை வழக்கமாகத் தன்னிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிறார்கள் என்பது அவருக்கே புலப்பட்டது. அவர் அதை வேலையாகவே கணக்கில் எடுக்கவில்லை. கூட்டத்தில் அவருக்கு மிகவும் கைகொடுத்தது அந்த வரிதான்.

ஒரு வரியை எப்படி எழுதுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். எனக்கு வரும் படிவங்களில் அதிகம் பார்க்கிற வாக்கியம் இப்படி இருக்கும்:

'கிளெய்ம் நிலுவையைக் குறைப்பதில் முக்கியப் பங்கு வகித்தேன்.'

இதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இதே வாக்கியத்தைக் குழுவில் உள்ள எல்லோருமே எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பார்ப்போம் (எண்கள் உதாரணத்துக்கு):

'டிஸ்சார்ஜ் சம்மரி (நோயாளி வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கம்) இல்லாமல் வந்து நிலுவையில் நிற்கும் கிளெய்ம்கள் ஜனவரியில் 140 இருந்தன. எந்த மருத்துவமனைகளிலிருந்து வருகின்றன என்று பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஆறே மருத்துவமனைகள். அவர்களுடைய பில்லிங் பிரிவில் பேசி, அனுப்பும் முன் சரிபார்க்க ஒரு பக்கப் பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். செப்டம்பரில் எண்ணிக்கை 60. மருத்துவமனைத் தொடர்புக் குழுவின் லீடுக்கு முழு விவரமும் தெரியும்.'

முன்பு எப்படி இருந்தது, நீங்கள் கவனித்தது என்ன, செய்தது என்ன, பிறகு எப்படி ஆனது, யாரைக் கேட்டால் தெரியும். இதில் ஒரு பெருமைச் சொல் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'சிறப்பாக', 'திறம்பட', 'முனைப்புடன்' எதுவும் தேவைப்படவில்லை. தற்பெருமை பேசக் கூச்சப்படுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: உங்களைப் பற்றி எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். கூச்சம் தானாகப் போய்விடும். தன்னைத் தானே புகழக் கூடாது என்று வளர்ந்தவர்கள் இந்தப் படிவத்தின் முன்னால் படும் அவஸ்தை எனக்கு நன்றாகப் புரியும். நடந்ததைச் சொல்வது புகழ்ச்சி ஆகாது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தில் வேறொருவர் ஊகம்தான் வந்து உட்காரும்.

கடைசி வரியான 'யாருக்குத் தெரியும்' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வேண்டும். கூட்டத்தில் அந்த லீடின் மேனேஜரும் உட்கார்ந்திருப்பார். அவர் தலையசைத்தால் போதும்.

எண்ணே இல்லாத வேலை என்ன செய்வது? நடக்காமல் தடுத்த தவறு, புதியவருக்குக் கற்றுக்கொடுத்தது, கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியது. இவற்றுக்கு ஒரு வழி உண்டு. நீங்கள் செய்யாமல் இருந்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பதை எழுதுங்கள். 'ஒரே சிகிச்சைக்கு இரண்டு தேதிகளில் வந்த பில்லைப் பணம் போகும் முன்பே பிடித்தேன்; போயிருந்தால் திரும்ப வாங்கச் சட்டப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டியிருந்திருக்கும்' என்பது முழுமையான வரி. கற்றுக்கொடுத்ததற்கு, அந்தப் புதியவர் எப்போது தனியாக ஃபைல் முடிக்கத் தொடங்கினார் என்பதே அளவு. இல்லாத எண்ணை மட்டும் உண்டாக்காதீர்கள். 'செயல்திறன் 40 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதிவிட்டு, எதில் என்று கேட்டால் பதில் இல்லாத படிவம் ஒன்று இருந்தால், அந்தப் படிவத்தில் உள்ள மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். அப்படி நடப்பதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

அடுத்தது 'நான்', 'நாங்கள்' குழப்பம். கூட்டாகச் செய்த வேலையில் ஒவ்வொருவரும் தன் பங்கைக் கூடுதலாகவே நினைவில் வைத்திருப்பார்கள். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டியது. ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை; நாம் செய்தது நம் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவர் செய்தது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரே குழுவிலிருந்து வரும் படிவங்களை அடுத்தடுத்துப் படிக்கும் மேனேஜருக்கு இந்தக் கூட்டல் கணக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே குழுவின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதில் உங்கள் கைப்பட்ட பகுதியைத் தனியாகச் சொல்லுங்கள். 'புதிய மென்பொருளுக்கு மாறியதில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். பழைய ஃபைல்களைச் சரிபார்க்கும் பகுதி என்னுடையது' என்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. மற்றவர் பெயரையும் சேர்த்து எழுதுகிறவர்களின் படிவத்தை நான் கூடுதல் நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

மொத்தத்தில் எத்தனை விஷயம்? மூன்று அல்லது நான்கு. அதற்கு மேல் போனால் எதைப் படிப்பது என்று எனக்கே தெரியாது. தினசரி வேலையை ஒரு பத்தியில் சுருக்கிவிடுங்கள்.

குறைகளைப் பற்றிய பகுதி

'முன்னேற்றிக்கொள்ள வேண்டியவை' என்று ஒரு கட்டம் எல்லாப் படிவத்திலும் இருக்கும். இதில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒரு சாரார் 'எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது என் குறை' என்று எழுதி நழுவுவார்கள். இன்னொரு சாரார் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள்: ஆங்கிலம் சரியில்லை, நேர மேலாண்மை போதாது, தைரியம் இல்லை. இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. இந்தப் படிவம் உங்கள் கோப்பில் இருக்கப் போகிறது. இரண்டு வருடம் கழித்து வேறொரு மேனேஜர் உங்களைச் சந்திக்கும் முன்பே அதைப் படிப்பார். அவருக்கு முதல் அறிமுகமே உங்கள் தைரியமின்மையாக இருக்க வேண்டுமா?

ஒன்றே ஒன்றை எடுங்கள். உங்கள் மேனேஜர் ஏற்கெனவே அறிந்ததாக, வேலையைப் பற்றியதாக, நீங்கள் மாற்றத் தொடங்கிவிட்டதாக இருக்கட்டும். 'நிராகரிப்புக் கடிதங்களில் காரணம் தெளிவாக இல்லை என்று முதல் காலாண்டில் மூன்று புகார்கள் வந்தன. இப்போது பாலிசியின் எந்த விதி என்பதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். அதற்குப் பிறகு புகார் வரவில்லை.' இது போதும். இதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குறையை விட அவர் அதைக் கையாண்ட விதம்தான் நினைவில் நிற்கிறது.

உடல்நிலை, வீட்டு நிலைமை காரணமாக வருடத்தில் கொஞ்ச காலம் வேலை தடைப்பட்டிருந்தால், 'மே, ஜூன் மாதங்களில் விடுப்பில் இருந்தேன். டார்கெட்டை அந்தக் காலத்தைக் கழித்துப் பார்க்கவும்' என்று தகவலாக எழுதினால் போதுமானது. காரணத்தை விவரிக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தனக்குத் தானே போடும் எண்

எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். நன்றாக வேலை செய்தவர்கள் அடக்கமாக 3 போட்டு அனுப்புகிறார்கள், மேனேஜர் பார்த்து ஏற்றிவிடுவார் என்ற நம்பிக்கையில். நான் 4 போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். எதிரில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "அவரே 3தானே போட்டிருக்கிறார்?" என்கிறார். அதற்கு மேல் நான் எவ்வளவு பேசினாலும் மேட்டில் வண்டி தள்ளுவது போலத்தான்.

முதலில் கண்ணில் படும் எண் முடிவை இழுக்கும் என்பதற்கு உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை உண்டு. ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண் வர வைத்தார்கள். அப்புறம் ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 பார்த்தவர்கள் சுமார் 25 என்றார்கள். 65 பார்த்தவர்கள் சுமார் 45 என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண் இவ்வளவு இழுக்குமென்றால், உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே நீங்கள் போட்ட எண் எவ்வளவு இழுக்கும்? இதனால்தான் நான் என் குழுவினரின் எண்ணைப் பார்க்கும் முன்பே என்னுடையதைத் தனித்தாளில் எழுதி வைத்துவிடுகிறேன். மேனேஜராக இருக்கும் மற்றவர்களையும் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தன்னைப் பற்றிய கணிப்பு இரண்டு பக்கமும் தவறும். க்ரூகர், டன்னிங் இருவரும் 1999-ல் வெளியிட்ட சோதனைகளில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் உண்மையில் நூறு பேரில் 12 பேரை மட்டுமே மிஞ்சும் நிலையில் இருந்தார்கள். ஆனால் 62 பேரை மிஞ்சியிருப்போம் என்று நினைத்தார்கள். எல்லோரும் இதை மட்டுமே சொல்வார்கள். அதே ஆய்வில் முதல் கால்பங்கில் இருந்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்களைக் குறைவாகவே கணித்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. கிறிஸ்டீன் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் இருவரின் ஆய்வில், ஒரே தேர்வை ஏறக்குறைய ஒரே அளவில் எழுதிய ஆண்களும் பெண்களும் 'நான் நன்றாகச் செய்தேன்' என்பதற்கு நூற்றுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் ஆண்களுக்கு 61, பெண்களுக்கு 46. இந்த இடைவெளியை நான் படிவங்களிலும் பார்க்கிறேன். என் குழுவில் உள்ள பெண்களிடம் அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எண்ணை மனநிலையை வைத்துப் போடாதீர்கள், ஆதாரத்தை வைத்துப் போடுங்கள்.

எப்படி? ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் நிறுவனம் ஒரு விளக்கம் கொடுத்திருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. 4-க்கு 'எதிர்பார்ப்பைத் தொடர்ந்து மிஞ்சியவர்' என்றிருந்தால், 'தொடர்ந்து' என்பதற்கு உங்களிடம் வருடத்தின் வெவ்வேறு மாதங்களிலிருந்து ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் 4 போடுங்கள். ஒரே மாதத்துச் சாதனை என்றால் 3 போட்டுவிட்டு அந்தச் சாதனையைத் தெளிவாக எழுதுங்கள். இன்க்ரிமென்ட் பேரம் பேசும் நோக்கில் எல்லாவற்றுக்கும் 5 போடுவது வேண்டாம். அப்படிப் போட்டால் உங்கள் எண்ணை யாரும் எண்ணாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சு நடக்கும் நாள்

மேனேஜரோடு உட்காரும்போது மனம் படபடப்பாக இருப்பது இயல்பு. பாராட்டோ விமர்சனமோ சொன்னாலே வேலை மேம்படும் என்று நிர்வாகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. க்ளூகர், டெனிசி இருவரும் 1996-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக மேம்பட்டது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் வேலை மோசமானது. பேச்சு வேலையிலிருந்து விலகி ஆளைப் பற்றித் திரும்பும்போது இந்தக் கெடுதல் வருகிறது என்பது அவர்கள் விளக்கம்.

இதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். "உங்களிடம் ஈடுபாடு குறைவு" என்று மேனேஜர் சொன்னால், ஈடுபாட்டைப் பற்றி வாதாடாதீர்கள். "எந்த வேலையில் அப்படித் தெரிந்தது, சார்? அதில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு ஆளை விட்டு வேலைக்கு வந்துவிடும். அவரிடம் உதாரணம் இல்லை என்றால் அதுவும் அவருக்கே தெரிந்துவிடும். கேட்டதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற அவசியம் இல்லை. "யோசித்துவிட்டு நாளை வந்து பேசுகிறேன்" என்பது முற்றிலும் நியாயமான பதில்.

சம்பளப் பேச்சை அதே உட்காரலில் கலக்காமல் இருந்தால் நல்லது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நடந்த ஓர் ஆய்வின் அடிப்படையில் மேயர், கே, ஃப்ரெஞ்ச் மூவரும் 1965-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: சம்பளம் மேசைமேல் இருக்கும்போது யாரும் தன் வேலையைத் திருத்திக்கொள்வதைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்பதில்லை, தற்காத்துக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள். உங்கள் நிறுவனம் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால், "வேலையைப் பற்றி இன்னொரு நாள் அரை மணி நேரம் கொடுங்கள்" என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்கு நான் மறுத்ததில்லை, மறுக்கிற மேனேஜரும் அபூர்வம்.

ரேட்டிங் ஏற்கும்படியாக இல்லையென்றால்? கையெழுத்து போட மறுப்பதற்கு முன்னால், அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பல இடங்களில் 'படித்துப் பார்த்தேன்' என்பது மட்டும்தான், ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. ஊழியர் கருத்து என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கோபத்தை எழுதாமல், விடுபட்டுப்போன உண்மைகளை எழுதுங்கள். 'மதிப்பீட்டில் மருத்துவமனைப் பட்டியல் வேலை குறிப்பிடப்படவில்லை. விவரம் என் படிவத்தின் இரண்டாம் பகுதியில் உள்ளது.' இவ்வளவே. அடுத்த வருடம் மேனேஜர் மாறினாலும் அது அங்கேயே இருக்கும். மேல்முறையீட்டு வழி இருந்தால் அதற்கான கடைசித் தேதியையும் அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடும்.

அடுத்த வருட டார்கெட்டை எழுதும் வேலை மீதி இருக்கிறது. இதை அசதியில் அவசரமாக முடித்துவிடுவார்கள், செய்யாதீர்கள். 'வாடிக்கையாளர் திருப்தியை மேம்படுத்துதல்' என்று ஒப்புக்கொண்டால் அடுத்த வருடம் அதை எதை வைத்து அளப்பது என்று இருவருக்கும் தெரியாது. 'விளக்கம் கேட்டு மீண்டும் வரும் அழைப்புகளை இன்ன எண்ணுக்குள் கொண்டுவருதல்' என்று மாற்றச் சொல்லுங்கள். இன்றைய எண் என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். வருட நடுவில் உங்களை வேறு வேலைக்கு மாற்றினால், அதே வாரத்தில் மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: 'இன்று முதல் இந்த வேலைக்கு மாறுகிறேன். பழைய டார்கெட்டில் இதுவரை முடிந்தது இவ்வளவு. மீதியை எடுத்துவிடலாமா, யாருக்கு மாற்றலாம்?' அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை பதில் அனுப்பினால், அந்த மெயிலை உங்கள் குறிப்புக் கோப்பின் முதல் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.